பிரேக் அடித்தால் டிரைவர் சீட் நகர்கிறது: வீட்டிலேயே சரிசெய்யலாமா?

கேள்வி: 2016 மாடல் ஹாட்ச்பேக் கார் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கி ஓட்டுகிறேன். ஊர் நாகப்பட்டினம். இரண்டு மாதத்துக்கு முன் சீட் கவர் மாற்றி, தரை முழுக்க லேமினேஷன் மேட்டும் போட்டேன். கடந்த மூன்று வாரமாக, பிரேக் அடித்தால் டிரைவர் சீட் 'டக்' என்ற சத்தத்தோடு முன்னால் போகிறது. வண்டி கிளம்பும்போது பின்னால் வருகிறது. பின்பக்க இடது மூலையில்தான் ஆட்டம் அதிகம். ஒரு பட்டறையில் சீட்டையே மாற்ற வேண்டும் என்றார்கள். என் மைத்துனர், "ரப்பர் வாஷர் போட்டு இறுக்கு, இல்லையென்றால் சீட் நகரும் ரயிலில் ஒரு வெல்டிங் வைத்துவிடு" என்கிறார். என்னிடம் ஸ்பேனர் செட் இருக்கிறது. நானே செய்யலாமா?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

செய்யலாம். நீங்கள் சொல்லும் அறிகுறிகளை வைத்துப் பார்த்தால், அநேகமாக ஒரு விடுமுறை நாள் காலையிலேயே முடிந்துவிடும் வேலை. ஆனால் அதைச் செய்து முடிக்கும்வரை இந்த வண்டியில் நெடுந்தூரம் போகாதீர்கள். சீட்டை மாற்ற வேண்டாம். ரப்பர் வாஷர் வேண்டவே வேண்டாம். ரயிலில் வெல்டிங் வைக்கும் யோசனையை இன்றோடு மறந்துவிடுங்கள்.

ஏன் இவ்வளவு கண்டிப்பு என்றால், ஆடுகிற மூலை எது என்று பாருங்கள். நம் வண்டிகளில் டிரைவர் வலது பக்கம் உட்காருகிறார். அவருடைய சீட்டின் இடது பக்கம்தான் கியர் பக்கம், சீட் பெல்ட்டைச் செருகும் பக்கிள் இருக்கும் பக்கம். பல வண்டிகளில் அந்த பக்கிள் தரையில் இல்லை, சீட்டின் சட்டத்திலேயே மாட்டப்பட்டிருக்கும். மோதலில் பெல்ட் உங்களைப் பிடித்து நிறுத்தும்போது, அந்த இழுப்பில் பெரும் பங்கு பக்கிள் வழியாகச் சீட்டுக்கும், சீட்டிலிருந்து அந்த இடது மூலை போல்ட்டுக்கும் இறங்குகிறது. ஐ.நா.வின் 17-ஆம் எண் வாகன விதிமுறை, சீட்டும் அதன் பிடிமானமும் புவியீர்ப்பைப் போல 20 மடங்கு வேகக்குறைப்பைத் தாங்க வேண்டும் என்கிறது. சீட்டின் எடை 18 கிலோ என்று வைத்தால், அந்தக் கணத்தில் சீட் மட்டுமே 360 கிலோ விசையோடு முன்னால் பாயும். பெல்ட்டின் இழுப்பு அதற்கு மேல். இத்தனையையும் நான்கு போல்ட்டுகள் பகிர்ந்துகொள்ள வேண்டும். உங்கள் வண்டியில் இப்போது அநேகமாக அதில் ஒன்று வேலை செய்யவில்லை.

ஸ்பேனரை எடுக்கும் முன், எது ஆடுகிறது என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். சீட் ஆடுவதற்கு நான்கு இடங்கள் உண்டு: சாய்மானம் மடங்கும் மூட்டு, முன்னும் பின்னும் நகர்த்தும் ஸ்லைடர் ரயில், ரயிலின் கால் தரையோடு சேரும் போல்ட், கடைசியாகத் தரைத்தகடே. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி ஹேண்ட் பிரேக் போடுங்கள். வேறொருவரைச் சீட்டில் உட்கார வைத்து, முதுகால் பின்னுக்கும் பிறகு முன்னுக்கும் உந்தச் சொல்லுங்கள். நீங்கள் பின்கதவு வழியாகக் குனிந்து, ரயிலின் பின்கால் தரையைத் தொடும் இடத்தில் விரல்நுனியை வையுங்கள். பாதி விரல் காலின் மீதும் பாதி தரையின் மீதும் இருக்கட்டும். கால் நகர்ந்து தரை அசையாமல் இருந்தால் போல்ட் லூஸ். காலும் தரையும் சேர்ந்தே எழுந்து அமிழ்ந்தால் தகட்டில் கோளாறு. கால் அசையாமல் மேல் ரயில் மட்டும் ஆடினால் ஸ்லைடர். அடிச்சீட் கல்லாக நின்று முதுகுப்பக்கம் மட்டும் ஆடினால் சாய்மான மூட்டு. கண்ணைவிட விரல் இதில் நம்பகமானது. அரை மில்லிமீட்டர் அசைவுகூட விரலுக்குத் தெரிந்துவிடும்.

உங்கள் கடிதத்தில் எனக்குத் துப்பாகப்படுவது மேட். தரை முழுக்க லேமினேஷன் போட வேண்டுமென்றால் முன்சீட் இரண்டையும் கழற்றியே ஆக வேண்டும். கழற்றினால் திரும்ப மாட்டும்போது சரியாக இறுக்காமல் விடுவது ஒரு வகைத் தவறு. அதைவிட அதிகம் நடப்பது வேறு. மேட்டைச் சீட் கால்களைச் சுற்றி வெட்டி எடுக்காமல், போல்ட் போகும் துளை மட்டும் போட்டு, மேட்டின் மீதே காலை வைத்து இறுக்கிவிடுவார்கள். அன்றைக்குக் கெட்டியாகத்தான் இருக்கும். ஆனால் அந்த மேட் மேலே ரெக்சின், உள்ளே நுரை. வெயிலில் நிற்கும் காரின் சூட்டில், ஓட்டுபவரின் எடையில், அந்த நுரை நாளுக்கு நாள் அமுங்கிக்கொண்டே போகும்.

போல்ட் எப்படிப் பிடிக்கிறது என்று தெரிந்தால் இதன் ஆபத்து புரியும். போல்ட்டை இறுக்கும்போது அது ஒரு கெட்டியான ஸ்பிரிங் போல நூலிழை அளவு நீள்கிறது. அது சுருங்கப் பார்க்கிற விசைதான் சீட்டின் காலையும் தரையையும் ஒன்றோடொன்று அழுத்தி வைக்கிறது. அந்த அழுத்தத்தால் வரும் உராய்வே சீட்டை நகரவிடாமல் நிறுத்துகிறது. போல்ட்டின் நீட்சியோ ஒரு மில்லிமீட்டரில் சிறு பங்குதான். அடியில் இருக்கும் நுரை அரை மில்லிமீட்டர் அமுங்கினாலே நீட்சி முழுவதும் போய்விடும். போல்ட் வெறும் முளையாக நிற்கும், கால் அதைச் சுற்றி நகர ஆரம்பிக்கும். நகர நகர போல்ட் தானாகவே திரும்பிக் கழலும். ரப்பர் வாஷர் வேண்டாம் என்று சொன்னதும் இதனால்தான். சத்தம் நின்றுவிடும், கோளாறு அப்படியே இருக்கும். சத்தம் இல்லாததால் அடுத்த முறை உங்களுக்குத் தெரியவும் தெரியாது. சீட்டின் காலுக்கும் தரைக்கும் நடுவில் இரும்போடு இரும்புதான் சேர வேண்டும்.

வேலைக்கு இறங்குவோம். முதலில் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, பத்து நிமிடம் காத்திருங்கள். சீட்டின் அடியில் பெல்ட் எச்சரிக்கைக்கான ஒயரும், சில வண்டிகளில் மஞ்சள் நிறக் கனெக்டரும் இருக்கும். மஞ்சள் என்றால் ஏர்பேக் அல்லது பெல்ட் இழுப்பான் சம்பந்தப்பட்டது. அதைப் பிடுங்க வேண்டியிருந்தால் பேட்டரி கழன்ற நிலையில்தான் பிடுங்க வேண்டும். அதைத் திரும்பச் செருகும்வரை சாவியை ஆன் செய்யக் கூடாது. செய்தால் ஏர்பேக் விளக்கு எரிந்து நின்றுவிடும், ஸ்கேனர் வைத்து அழிக்க வேண்டிவரும். உங்கள் வேலைக்குச் சீட்டை வெளியே எடுக்கவே தேவையில்லை. நான்கு போல்ட்டையும் எடுத்துவிட்டுப் பின்பக்கத்தை ஒரு சாண் தூக்கினால் போதும், அந்த உயரத்துக்கு ஒயர் இழுபடாமல் வருகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சீட்டை முழுக்க முன்னால் தள்ளினால் பின் போல்ட் இரண்டும் தெரியும். பிளாஸ்டிக் மூடி இருந்தால் தட்டை ஸ்குரூ டிரைவரால் நெம்பி எடுங்கள். பின்னால் தள்ளினால் முன் போல்ட்டுகள். சில மாடல்களில் ஒரு பக்கம் போல்ட்டுக்குப் பதில் தரையில் மாட்டும் கொக்கி இருக்கும். ஜப்பானிய, கொரிய வண்டிகளில் பெரும்பாலும் 14 மி.மீ. தலை, சிலவற்றில் 12 அல்லது 17. ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா போன்றவற்றில் நட்சத்திரக் குழி உள்ள தலை, அதற்கேற்ற பிட் வேண்டும். திறந்த வாய் ஸ்பேனரால் இதைத் தொடாதீர்கள். அரை அங்குல ராட்செட், ஆறு முனை சாக்கெட், 15 செ.மீ. எக்ஸ்டென்ஷன், இவை மூன்றும் வேண்டும்.

கழற்றும்போது ஒவ்வொரு போல்ட்டும் எத்தனை எளிதாக வருகிறது என்று கவனியுங்கள். இடது பின் போல்ட் விரலாலேயே சுழன்று வந்தாலும் ஆச்சரியமில்லை. கெட்டியாகத் துருப்பிடித்திருந்தால் பலத்தைக் காட்ட வேண்டாம். அடியில் இருக்கும் நட் தரைத்தகட்டோடு புள்ளி வெல்டிங்கில் ஒட்டியது, அது பிய்ந்தால் வேலையே வேறாகிவிடும். துருநீக்கி எண்ணெயை வண்டியின் அடியிலிருந்து நட்டின் முனையில் அடித்து அரை மணி நேரம் விடுங்கள். பிறகு கால் சுற்று கழற்றி, பாதி திரும்ப இறுக்கி, மறுபடி கால் சுற்று என்று மெல்ல எடுங்கள். அடித்துச் சுழற்றும் மெஷினான இம்பாக்ட் கன் வேண்டாம். போல்ட் சுற்றிக்கொண்டே இருக்கிறது, வெளியே வரவில்லை என்றால் நட் பிய்ந்துவிட்டது. அங்கேயே நிறுத்திவிடுங்கள், அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

போல்ட் வெளியே வந்ததும் வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். தலைக்கு அடியில் வளையமாக வெள்ளிபோல் பளபளத்து, சுற்றிலும் காவிநிறத்தில் மாவு போன்ற தூள் ஒட்டியிருந்தால், அந்த இணைப்பு பல நாளாக உரசிக்கொண்டிருந்தது என்று அர்த்தம். ஈரத்துரு செதில் செதிலாக வரும். இந்தத் தூள் அப்படியிராது, விரலில் குங்குமம்போல் ஒட்டும். சீட்டின் காலைத் தூக்கினால் மேட்டில் அந்தக் காலின் அச்சு பள்ளமாகப் பதிந்திருக்கும். அந்தப் பள்ளத்தின் ஆழம்தான் உங்கள் போல்ட் இழந்த பிடி.

இப்போது மேட்டை வெட்ட வேண்டும். ஒவ்வொரு காலைச் சுற்றியும் ஒன்றரை செ.மீ. இடைவெளி விட்டு வெட்டுங்கள். மேட்டுக்கும் கீழுள்ள கம்பெனி கார்ப்பெட்டுக்கும் நடுவில் ஒரு அட்டையைச் செருகிக்கொண்டு கத்தியை ஓட்டுங்கள். கார்ப்பெட்டின் அடியில், முக்கியமாகக் கதவோரமாக, ஒயர் கட்டு ஓடுகிறது. கம்பெனி கார்ப்பெட்டில் கால்களுக்கான இடம் ஏற்கெனவே வெட்டித்தான் இருக்கும், அதை வெட்ட வேண்டாம். பல சீட்டுகளின் காலில் போல்ட் துளைக்குப் பக்கத்தில் சிறு முளை ஒன்று இருக்கும். அது தரையிலுள்ள துளையில் போய் உட்கார வேண்டும். மேட் அந்தத் துளையை மூடியிருந்தால் முளை அந்தரத்தில் நின்றிருக்கும். அதையும் திறந்துவிடுங்கள்.

தெரிகிற தகட்டைக் கம்பி பிரஷால் தேய்த்து, ஸ்குரூ டிரைவர் முனையால் நட்டைச் சுற்றி நன்றாக அழுத்திக் குத்திப் பாருங்கள். நாகப்பட்டினக் கடற்காற்றில் பத்து வருடம் நின்ற வண்டிக்கு இந்தச் சோதனை கட்டாயம். இந்த மேட்டுகள் மேலிருந்து தண்ணீரை விடாது என்பது உண்மை. எப்படியோ உள்ளே போன தண்ணீரை வெளியேயும் விடாது. ஏ.சி. தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்து உள்ளே ஒழுகினாலும், மழையில் கதவு ரப்பர் வழியாகக் கசிந்தாலும், கார்ப்பெட்டின் நுரை மாதக்கணக்கில் ஈரமாகவே கிடக்கும். மேலே கை வைத்தால் காய்ந்ததுபோல் இருக்கும். ஓரத்தைத் தூக்கி அடி நுரையைப் பிழிந்து பாருங்கள். மேல்துரு மட்டும் என்றால் தேய்த்து, துருத்தடுப்பு ப்ரைமரை மெல்லியதாக ஒரு கை அடித்து, முழுக்கக் காயவிடுங்கள். கால் உட்காரும் இடத்தில் தடித்த பெயின்ட் வேண்டாம், அதுவும் நுரையைப்போல அமுங்கும். ஸ்குரூ டிரைவர் உள்ளே இறங்கினாலோ, நட்டிலிருந்து நட்சத்திரம்போல் விரிசல் கிளம்பியிருந்தாலோ வீட்டு வேலை அத்தோடு முடிந்தது.

போல்ட்டின் மரையைப் பல் துலக்கும் பிரஷால் சுத்தம் செய்து, நட்டில் கையாலேயே போட்டுப் பாருங்கள். விரலாலேயே கடைசிவரை போக வேண்டும். மரை நசுங்கியிருந்தாலோ, போல்ட்டின் உடல் தேய்ந்து இடுப்பு போல் மெலிந்திருந்தாலோ புது போல்ட் வேண்டும். அதை ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் வண்டியின் மாடலையும் வருடத்தையும் சொல்லி, அதே சீட் போல்ட்டாக வாங்குங்கள். ஹார்டுவேர் கடையில் 'பத்து எம்எம் போல்ட்' என்று கேட்டால் பெரும்பாலும் மரை இடைவெளி 1.5 மி.மீ. உள்ள எம்10 கிடைக்கும். ஜப்பானிய, கொரிய வண்டிகளின் எம்10 பெரும்பாலும் 1.25 மி.மீ. இரண்டும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். தவறானது இரண்டு மூன்று சுற்று போய்விட்டு இறுகும். 'துருதான் இறுக்குகிறது' என்று நினைத்து ஸ்பேனரால் திருகினால், ஒட்டியிருக்கும் நட்டின் மரை மொத்தமும் போச்சு. சீட் மவுண்டிங் நாசமாவதற்கு நான் முதலில் சந்தேகப்படும் காரணம் இந்த போல்ட் குழப்பம்தான். பக்கிளைச் சீட்டோடு பிடிக்கும் போல்ட் பெரும்பாலும் 7/16 அங்குல மரை, அது தனி ஜாதி. அதைக் கழற்றவும் வேண்டாம், மற்றதோடு கலக்கவும் வேண்டாம். ஸ்டெயின்லெஸ் போல்ட் துருப்பிடிக்காதே என்று அதற்கும் ஆசைப்படாதீர்கள். கடையில் கிடைக்கும் சாதாரண ஸ்டெயின்லெஸ், தலையில் 8.8 என்று பொறித்த போல்ட்டின் பலத்துக்கு வராது.

பூட்டும் முன் ஸ்லைடரின் கைப்பிடியைத் தூக்கி, இரண்டு பக்க ரயிலும் ஒரே பல்லில், அதாவது லாக் விழும் ஒரே வெட்டில், நிற்கின்றனவா என்று பாருங்கள். மேல் ரயிலின் நுனியிலிருந்து கீழ் ரயிலின் நுனிவரை டேப் வைத்து இரு பக்கமும் அளந்தால் அளவு ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் ஒரு பல் முந்தியிருந்தால் நான்காவது போல்ட் துளைக்கு வராது. அப்போது கடப்பாறை போட்டு நெம்பிப் பூட்டினால் சீட் முறுக்கிக்கொண்டே நிற்கும், ஒரு பக்க லாக் சரியாக விழாது. கைப்பிடியை மறுபடி தூக்கி, பின்தங்கிய பக்கத்தை நகர்த்தி, இரண்டு பக்கமும் 'க்ளிக்' என்று விழுவதைக் கேளுங்கள்.

மரையில் துருநீக்கி எண்ணெய் பட்டிருந்தால் பிரேக் க்ளீனர் அடித்துத் துடைத்துவிடுங்கள். இறுக்க அளவுகள் உலர்ந்த மரைக்குச் சொல்லப்படுபவை. எண்ணெய் இருந்தால் அதே திருகலுக்கு போல்ட் அதிகம் நீண்டு, அறுந்துபோகக்கூடிய எல்லைக்குப் போய்விடும். நீல நிற மரைப்பசை இரண்டு சொட்டு போடலாம், போடாவிட்டாலும் குறையில்லை. சிவப்புப் பசை கூடாது, அதைப் பிறகு கழற்ற நெருப்பு காட்ட வேண்டும், சீட் நுரைக்குப் பக்கத்தில் நெருப்பு காட்ட முடியாது. பசையால் பிடியைத் திரும்பக் கொண்டுவர முடியாது என்பதும் நினைவிருக்கட்டும்.

நான்கு போல்ட்டையும் முதலில் கையாலேயே நான்கைந்து சுற்று ஏற்றுங்கள். ஒன்றை இறுக்கிவிட்டு அடுத்ததைத் துளை தேடிக் குத்துவதால்தான் மரை மாறி ஏறுகிறது. பிறகு சீட்டைப் பின்னால் தள்ளி முன் இரண்டையும், முன்னால் தள்ளிப் பின் இரண்டையும் பாதி இறுக்கம் கொடுங்கள். அடுத்த சுற்றில் முழு இறுக்கம். எவ்வளவு என்பதற்கு உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவலில் உள்ள எண்தான் இறுதி. பொதுவாக எம்8 போல்ட்டுக்கு 20 முதல் 25 நியூட்டன் மீட்டர், எம்10 போல்ட்டுக்கு 35 முதல் 50 நியூட்டன் மீட்டர் என்ற அளவில் வரும். இறுக்க அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் இரவல் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால், விமானப் பயணத்துக்குப் பெட்டி எடை பார்க்கும் கொக்கித் தராசு போதும். சாக்கெட்டின் மையத்திலிருந்து சரியாக 25 செ.மீ. தள்ளி ராட்செட் கைப்பிடியில் கொக்கியை மாட்டி, கைப்பிடிக்குச் செங்குத்தாக இழுங்கள். தராசு 16 கிலோ காட்டும்போது ஏறத்தாழ 40 நியூட்டன் மீட்டர், 9 கிலோ காட்டும்போது 22. ராட்செட்டில் குழாய் செருகி நீளமாக்கிக்கொண்டு 'நன்றாக இறுகட்டும்' என்று ஏறி மிதிப்பவர்களால்தான் நட் பிய்கிறது.

இறுக்கி முடித்ததும் போல்ட் தலையிலிருந்து சீட்டின் கால்வரை பெயின்ட் பேனாவால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். பேட்டரியை மாட்டி, ஏர்பேக் விளக்கு ஒளிர்ந்து அணைகிறதா, பெல்ட் எச்சரிக்கை வேலை செய்கிறதா என்று பாருங்கள். சீட்டில் உட்கார்ந்து, இரண்டு காலாலும் தரையை உதைத்துப் பின்னுக்கு உந்துங்கள். காலியான சாலையில் 20 கி.மீ. வேகத்தில் போய் அழுத்தமாகப் பிரேக் அடித்துப் பாருங்கள். ஒரு வாரம் அல்லது 500 கி.மீ. ஓடிய பின் அந்தக் கோடு முறிந்திருக்கிறதா என்று பாருங்கள். கோடு நேராக இருந்தால் அந்த போல்ட்டைத் தொட வேண்டாம். முறிந்திருந்தால் திரும்ப இறுக்குவதோடு விடாமல், அடியில் இன்னும் ஏதோ மென்மையாக மாட்டியிருக்கிறது என்று தேடுங்கள்.

விரல் சோதனையில் ஸ்லைடர்தான் ஆடுகிறது என்று தெரிந்தால் வழி வேறு. ரயிலுக்குள் சில்லறைக் காசு, கல், பேனா மூடி விழுந்து ஒரு பக்க லாக் பாதியில் நிற்பது சாதாரணம். வேக்குவம் போட்டு எடுத்து, பழைய பிசுக்கைத் துணியால் துடைத்து, வெள்ளை லித்தியம் கிரீஸை மெல்லியதாகத் தடவுங்கள். காலியான சீட்டில் ஒரு மில்லிமீட்டர் அளவு ஆட்டம் இயல்புதான். லாக் சரியாக விழுந்தும் அதிகம் ஆடினால் உள்ளே இருக்கும் குண்டுகளோ தடமோ தேய்ந்துவிட்டன, ரயில் மாற்ற வேண்டும். இங்கேதான் மைத்துனரின் வெல்டிங் யோசனை வருகிறது. ரயில்கள் பெரும்பாலும் உயர்பலத் தகட்டால் செய்தவை. வெல்டிங் சூடு பட்ட இடத்தைச் சுற்றி அந்தப் பலம் குறைந்துவிடும், மோதலில் முறிவது அங்கேதான். அதோடு சீட் ஒரே இடத்தில் நின்றுவிட்டால், அடுத்து ஓட்டுபவருக்குப் பெடல் எட்டாது. சென்னை புதுப்பேட்டையில் அதே மாடலின் பழைய சீட் ரயிலோடு கிடைக்கும். வாங்கும்போது ரயில் நேராக இருக்கிறதா, இரு பக்க லாக்கும் ஒன்றாக விழுகிறதா, வெள்ளத்தில் மூழ்கிய சேற்றுக்கறை உள்ளே இருக்கிறதா என்று பார்த்து வாங்கச் சொல்லுங்கள்.

நட் பிய்ந்திருந்தாலோ தகடு அரித்திருந்தாலோ நல்ல டிங்கரிடம் போங்கள். அடியில் பெரிய வாஷர் வைத்து நட் போட்டுத் தருகிறேன் என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள், அரித்த தகடு வாஷரோடு சேர்ந்தே கிழிந்து வரும். அரித்த பகுதியை வெட்டி எடுத்து, அதே கனத் தகடு வைத்து, அடியில் வலுவூட்டும் தகட்டோடு நட்டை ஒட்ட வேண்டும். அதற்குச் சீட், கார்ப்பெட், மேட் எல்லாம் வெளியே வர வேண்டும், பேட்டரி கழன்றிருக்க வேண்டும். கார்ப்பெட்டைச் சுருட்டி ஓரமாக ஒதுக்கிவிட்டு வெல்டிங் வைத்தால், அடியில் புகையும் நெருப்பு வெளியே தெரியாது.

பக்கத்துச் சீட்டையும் அதே நாளில், அதே ஆட்கள்தான் கழற்றி மாட்டியிருப்பார்கள். அதில் உட்காருபவர் பிரேக்கை மிதிப்பதில்லை, சத்தத்தையும் கவனிப்பதில்லை. கையில் சாக்கெட் இருக்கும்போதே அந்த நான்கு கால்களின் அடியிலும் மேட் மாட்டியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.